நண்பகலில் படிக்க வேண்டிய பாடம்

கொழும்பில் சோலர் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பி வரும்? கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்கிறார்கள். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதும் கேட்கிறார்கள். உயர்தரப் பிள்ளைகளுக்குத் தமிழில் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் சொல்வது யாருக்கும் ருசிப்பதில்லை. "தகட்டை விடுங்கோ, உங்கட ஒழுங்கையில வயர் எப்பிடி இருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த நாட்டில் சூரிய சக்தி பற்றிய ஆராய்ச்சியும் படிப்பும் நெடுங்காலம் தகட்டைச் சுற்றியே நடந்தன. பிரச்சினை இப்போது தகட்டை விட்டு இறங்கி வீதிக் கம்பத்துக்கு வந்துவிட்டது. படிப்பு இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை.

தகட்டு ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். சோலர் ஆராய்ச்சி என்றால் ஜெர்மனி, சீனா என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுக்குக் கண்டி ஹந்தானைக் கதையைச் சொல்வது எனக்கு ஒரு சந்தோஷம். 1991இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மைக்கேல் கிரெட்சலும் பிரையன் ஓரீகனும் ஒரு புதுவகைச் சூரியகலத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். டைட்டேனியம் ஈரொட்சைட்டின் நுண்துகள் படலம், அதன்மேல் ஒரு சாயம், நடுவில் ஒரு திரவம். சாயம் ஒளியை விழுங்கி இலத்திரனைக் கொடுக்கிறது. திரவம் அந்த இழப்பை ஈடுசெய்கிறது. சங்கடம் அந்தத் திரவத்தில்தான். ஒழுகும், ஆவியாகும். ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்ற திண்மத்தை வைத்துப் பார்த்தார்கள். 1995இல் அந்த ஆய்வு வெளியானது. இன்றும் அந்தத் துறையில் உள்ளவர்கள் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, பூக்களுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் சயனிடினையே சாயமாகப் பயன்படுத்திய கலம் பற்றியும் எழுதினார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் பின்வாங்கில் இருப்பவர்களும் போனைக் கீழே வைப்பார்கள்.

கொழும்புக்கு அருகே களனிப் பல்கலைக்கழகத்தில் சிறிபாலவும் அவருடைய மாணவர்களும் குப்பிரசு ஒட்சைட்டு என்ற செப்பு ஒட்சைட்டை விடாமல் பிடித்துக்கொண்டு பல வருஷம் வேலை செய்தார்கள். மின்பகுப்புத் தொட்டி ஒன்றும் மலிவான செப்புச் சேர்வையும் இருந்தால் குறைகடத்திப் படலம் செய்யலாம் என்பது அதன் கவர்ச்சி. வறிய நாட்டுக்கு ஏற்ற யோசனை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் துறையிலும் சூரியகல ஆய்வு நடக்கிறது. அங்கே போன என் மாணவர்கள் விடுமுறைக்கு வந்தால் கண்ணாடித் துண்டுகளையும் வெற்றிட அறைகளையும் பற்றித்தான் கதைப்பார்கள்.

சரி. இதற்கிடையில் சீனா சிலிக்கன் தகட்டின் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. கொழும்பில் நீங்கள் அண்ணாந்து பார்க்கும் தகடுகள் எல்லாம் அநேகமாக அங்கிருந்து வந்தவை. அந்த விலையோடு எங்கள் ஆய்வுகூடங்கள் மல்லுக்கட்ட முடியாது, அது அவர்களுடைய வேலையும் இல்லை. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலர் திட்டத்தைத் தொடங்கியது. இருபது வருஷ ஒப்பந்தம். மின்சாரத்தை முழுதாக விற்பவருக்கு முதல் ஏழு வருஷம் யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம். வசதியுள்ளவர்கள் மெல்ல மெல்லப் போட்டார்கள். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததும், அதைத் தொடர்ந்து பில் எகிறியதும் மற்றவர்களையும் கூரைக்கு ஏற்றிவிட்டன. இன்று கூரைச் சோலர் மட்டும் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்தே 900தான். வெயில் இருக்கும் நேரத்தில் மட்டும் என்ற நிபந்தனையோடு இந்த ஒப்பீட்டை வாசியுங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் இருக்கும். வகுப்பில் மின்விசிறி நின்றது. எங்கள் கட்டடத்தில் மட்டும் என்று நினைத்தோம். நாடு முழுவதும் போயிருந்தது. வெளியே கண் கூசும் வெயில். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இவ்வளவு வெயில் எறிக்குது, ஊர் முழுக்கச் சோலர் இருக்கு, பிறகு ஏன் கரண்ட் போகுது?"

பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஒரு வாரத்துக்கு நாட்டில் வேறு பகிடி இல்லை. இலங்கையை எரித்த குரங்கு ஒன்று, இருட்டாக்கிய குரங்கு இன்னொன்று என்று எங்கள் வீட்டிலும் சிரித்தோம். ஆனால் குரங்கு பாய்ந்தால் பாணந்துறை இருளலாம். பருத்தித்துறை ஏன் இருள வேண்டும்?

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை எங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சடத்துவத் திருப்பம் என்ற அத்தியாயத்தில்: சுழலும் பொருள் தன் வேகம் மாறுவதை எவ்வளவு எதிர்க்கும் என்பது. நெட்டுருப் பண்ணி எழுதிவிட்டு மறந்துவிடுகிற அத்தியாயம். நுரைச்சோலையில் பல தொன் இரும்பு நிமிடத்துக்கு 3000 தடவை சுழல்கிறது. லக்ஷபானவிலும் விக்டோரியாவிலும் நீர் சுற்றுகிற சுழலிகளும் அப்படியே, வேகம் மட்டும் குறைவு. எங்கோ ஒரு மூலையில் திடீரென்று கோளாறு வந்தால், மின்வலையின் மீடிறன் (மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்ற எண்) 50 ஹேர்ட்ஸிலிருந்து உடனே விழுந்துவிடாமல் இந்தச் சுழலும் இரும்பு தாங்கிப் பிடிக்கிறது. பாரம் ஏற்றிய லொறி பிரேக் அடித்த இடத்திலேயே நின்றுவிடாதது போல. கிடைப்பது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்குள் மற்ற நிலையங்கள் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கிவிடும், நமக்கு ஒரு பல்பு கண்சிமிட்டியதோடு கதை முடிந்துவிடும்.

சோலரில் சுழல்வது எதுவும் இல்லை. கூரைச் சோலரின் சாதாரண இன்வேர்ட்டர், அதாவது தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, மின்வலையின் மீடிறனைப் பார்த்து அதன் பின்னால் போகிறது. மீடிறன் எல்லை தாண்டினால் பாதுகாப்புக்காகத் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. ஞாயிறு நண்பகலுக்கு முன்: தொழிற்சாலை இல்லை, அலுவலகம் இல்லை, தேவை குறைவு. வெயிலோ முழு வீச்சில். ஆகவே சுழலும் நிலையங்கள் பலவற்றை நிறுத்தியும் தணித்தும் வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பாணந்துறையில் கோளாறு. தாங்கிப் பிடிக்கப் போதிய இரும்பு சுழலவில்லை. மீடிறன் சரிந்தது, ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக எல்லாம் கழன்றன. நுரைச்சோலையும் நின்றது. நிலக்கரி நிலையத்தை நிறுத்தினால் சுவிட்சைத் தட்டித் தொடக்க முடியாது. அதனால்தான் அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணிநேரச் சுழற்சி வெட்டு.

அன்றைக்கு மின்விசிறி இல்லாமல் வியர்த்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை மறுபடி நடத்தினேன். அவ்வளவு கவனமாக ஒரு வகுப்பு கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. விடுமுறை, தேவை மறுபடி குறைவு. கூரைச் சோலர் வைத்திருப்பவர்கள் பகலில் பிற்பகல் மூன்று மணிவரை அதை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. "முத்தத்தில சூரியனுக்குப் பொங்கிப் படைச்சுப்போட்டு, மேல போய் அவரை நிப்பாட்டச் சொல்லுறாங்கள்" என்றார் அக்கா. அவருக்குக் கோபம் வர வேறு காரணமும் இருந்தது.

அக்கா வீடு தெஹிவளையில். ஒடுக்கமான ஒழுங்கை, தலைப்பில் ஒரு ட்ரான்ஸ்போமர், வீடு கடைசி வால். 2023இல் 5 கிலோவாட் போட்டார். முதல் வருஷம் பிரச்சினை இல்லை. அப்புறம் பக்கத்து வீடு, எதிர்வீடு, மூலை வீடு என்று எல்லோரும் போட்டார்கள். பத்தரை மணிக்கு மேல் இன்வேர்ட்டரில் சிவப்பு வெளிச்சம் எரியத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். நல்ல வெயிலில்தான் அதிகமாக நிற்கும். மழைக்காலத்தில் ஒழுங்காக வேலை செய்தது என்பதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

விற்ற கம்பனிக்குச் சொன்னோம். தகட்டில் காகம் எச்சமிட்டிருக்கும் என்று வாளியும் தூரிகையும் கொடுத்து ஒரு பொடியனை அனுப்பினார்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துக் காகங்களைத் தெரிந்தவர்கள் அதை உடனே நம்பிவிடுவார்கள். கழுவினான், போனான். சிவப்பு வெளிச்சம் போகவில்லை.

என்னிடம் முன்பு படித்த ஒருவன் வேறொரு கம்பனியில் சோலர் பொருத்துகிறான். அவனைக் கூப்பிட்டேன். அவன் கூரைக்கு ஏறவே இல்லை. இன்வேர்ட்டர் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, திரையைத் தட்டித் தட்டி ஓர் எண்ணை மட்டும் பார்த்தான். 246. கொஞ்சம் வெயில் ஏற 249. ஒரு மேகம் போக 241. பிறகு 252, சிவப்பு.

நமக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம். மேல் எல்லை ஏறக்குறைய 244. வாலில் உள்ள வீட்டிலிருந்து ட்ரான்ஸ்போமர் பக்கம் மின்னோட்டத்தைத் தள்ள வேண்டுமானால் வாலில் அழுத்தம் தலைப்பை விட உயர்ந்திருக்க வேண்டும். கம்பி நீளமாக, மெல்லிதாக இருந்தால் இன்னும் உயர வேண்டும். எல்லா வீடும் ஒரே நேரத்தில் தள்ளினால் கடைசி வீட்டுக்குத்தான் அடி. முன்பு இதே ஒழுங்கையில் இரவு ஏழு மணிக்கு அழுத்தம் விழுந்து ட்யூப் லைட் பற்றாமல் துடித்தது எனக்கு ஞாபகம். அதே கம்பி, அதே தடை. அப்போது மின்னோட்டம் வந்த திசையில் இப்போது போகிறது, அவ்வளவுதான்.

"சேர், தகட்டில ஒண்டும் இல்லை" என்றான். "இந்த ஒழுங்கையில சோலர் போட்ட ஆக்கள் எல்லாரும் ஒரே பேஸில நிக்கினம். மற்ற ரெண்டு பேஸும் சும்மா கிடக்கு. கம்பத்தைப் போய்ப் பாருங்கோ."

பேஸ் என்றால் கம்பத்தில் மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்று. போய்ப் பார்த்தேன். உண்மை. மின் விநியோக அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அலைந்து, போன் பண்ணி, ஒருவழியாக ஒரு நாள் இரண்டு லைன்மன்மார் ஏணியோடு வந்தார்கள். அக்கா வீட்டுக்கு வரும் வயரை ஒரு கம்பியிலிருந்து கழற்றி இன்னொரு கம்பியில் மாட்டினார்கள். பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்று நண்பகல் இன்வேர்ட்டரில் 238. புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை.

இன்னும் நாலு வீட்டில் சோலர் வந்தால் இதுவும் போதாது, அதுவும் தெரிகிறது. அதற்குப் பிறகு ட்ரான்ஸ்போமரை மாற்ற வேண்டும், அல்லது அழுத்தம் உயரும்போது தானாக அதைத் தணிக்கும்படி இன்வேர்ட்டரை அமைக்க வேண்டும், அல்லது நண்பகல் மின்சாரத்தைப் பட்டரியில் ஏற்றி மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில், நாட்டுக்கு மெய்யாகவே தேவைப்படும் நேரத்தில், கொடுக்க வேண்டும். மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது: பகலில் நீரை மேலே ஏற்று, இரவில் இறக்கு. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து என்பது அரசாங்கத்தின் இலக்கு. அதை அடைவதற்கான வேலையில் பெரும்பகுதி இந்த மாதிரியான வேலைதான். மன்னாரின் காற்றாலைகளும், அங்கே இன்னும் வேண்டாம் என்று மக்கள் வீதிக்கு இறங்கியதும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

சோலர் பொருத்தும் அந்தப் பழைய மாணவனிடம் இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "கூரையிலதான் சேர்." உயர்தரம் எடுத்தான், பல்கலைக்கழகம் போகத் தேவையான கொழும்பு மாவட்டத்து இஸட் புள்ளிக்கு எட்டவில்லை. கெட்டிக்காரன். கட்டுபெத்தவுக்கு, அதாவது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு, போகாதது அவனுக்கு நட்டமோ கட்டுபெத்தவுக்கு நட்டமோ தெரியாது.

ஆனால் கூரைப் படிப்பில் ஓட்டைகள் உண்டு, அவை ஆளைக் கொல்லக்கூடிய ஓட்டைகள். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டு தகடுகளின் வயரை இணைக்கும் பிளாஸ்டிக் கொழுவி. ஒரு பாதி நல்ல கறுப்பு, மறு பாதி உருகிச் சப்பி, உள்ளே உலோக ஊசி நீலம் பாய்ந்து கிடந்தது. ஒரு பாதி ஒரு கம்பனியுடையது, மறு பாதி வேறு கம்பனி. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், கொழுவினால் 'டக்' என்று சத்தமும் வரும். உள்ளே தொடுகை சரியில்லை. தொடுகை சரியில்லாவிட்டால் தடை, தடை இருந்தால் சூடு.

வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் ஒரு பொறி எழுந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு. கூரையில் பத்துத் தகட்டைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட்டுக்கு நேரோட்டம். அது பூச்சியத்தைத் தொடாது. பொறி எழுந்தால் எரிந்துகொண்டே இருக்கும், ஓட்டுக்குக் கீழே மரச்சட்டம் இருக்கும். சூரியனை நிறுத்த சுவிட்சும் கிடையாது. இதை அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. உருகியதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள வீடுகளில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் விரைவாக முடித்துக் கொடுக்கும்.

உயர்தரத்தில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. என்விகியூ என்ற தொழில்தகைமைச் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் கொழும்பில் கூரைக்கு ஏறும் பொடியன்களில் ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் பலர். கையில் இருப்பது சீன ஆங்கிலத்தில் எழுதிய கையேடு. மேலே இருக்கும் பாஸ் சொல்வதுதான் விதி.

மறுபக்கம், பௌதிகவியல் படிக்கும் என் பிள்ளைகளுக்குக் கூரை தெரியாது. தகட்டின் பின்னால் 550 வாட் என்று ஒட்டியிருக்கும். அது 25 பாகை செல்சியஸில் அளந்தது. கொழும்புக் கூரையில் 25 பாகை இருப்பது விடியப்புறம். அப்போது வெயில் இல்லை. நண்பகலில் தகடு 60 பாகைக்குப் போகும். ஒரு பாகைக்கு 0.35 வீதம் குறைகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 12 வீதம் போச்சு, மிச்சம் ஏறக்குறைய 480 வாட். இதை ஒரு கணக்காகக் கொடுத்தேன். போட்டுவிட்டார்கள். "அப்ப ஏன் சேர் தண்ணி ஊத்தக் கூடாது?" என்று ஒருவன் கேட்டான். அரைமணிநேரம் அதிலேயே போனது. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர், கொழும்பின் தண்ணீர் பில், பம்பு எடுக்கும் கரண்ட் என்று. இப்படி ஒரு கேள்வி குறைகடத்திச் சந்திகளும் இருவாயிகளும் (டயோட்) பற்றிய பாடத்தில் எனக்கு வந்ததே இல்லை.

கூரையும் புத்தகமும் எப்போதும் இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. இந்த நாட்டின் நீர்மின்சாரத்துக்கு வழிகாட்டிய விமலசுரேந்திர மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 1893இல் தொடங்கிய கல்லூரி. கையால் வேலை பழக்கிய இடம். அவர் 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்து, லக்ஷபானவில் விழும் நீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு காட்டினார். வெள்ளைக்கார அதிகாரிகள் கேட்கவில்லை. 1931இல் அரசாங்க சபைக்குப் போட்டியிட்டு உறுப்பினராகப் போயும் மன்றாடினார். லக்ஷபான 1950இல்தான் திறந்தது. முப்பத்திரண்டு வருஷம்! எங்களுக்கு ஆராய்ச்சி இல்லாமல் போனதில்லை, அது கம்பத்துக்கு வந்துசேரத்தான் காலம் எடுக்கிறது.

வெள்ளவத்தையில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறிக் கட்டுபெத்த சந்தியில் இறங்கினால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நடை தூரம். அங்கே வளாகத்துக்குள்ளேயே சோலர், பட்டரி, டீசல் ஜெனரேட்டர் மூன்றையும் சேர்த்து, தேவைப்பட்டால் வெளி மின்வலையிலிருந்து பிரிந்து தனியே ஓடக்கூடிய ஒரு சிறு மின்வலை இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு லெக்கோ மின்விநியோகக் கம்பனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. மின்பொறியியல் துறையில் கூரைச் சோலரால் வீதிக் கம்பியில் அழுத்தம் ஏறுவதைப் பற்றி, அதாவது அக்காவின் சிவப்பு வெளிச்சத்தைப் பற்றி, ஆய்வு செய்கிறார்கள். ஒரு ட்ரான்ஸ்போமர் எத்தனை கிலோவாட்டைத் தாங்கும், எந்த வீட்டை எந்தப் பேஸில் போடலாம் என்றெல்லாம் கணினியில் பார்க்கலாம். அது ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரையாகி மாநாட்டுக்குப் போகிறது. தெஹிவளை ஒழுங்கைக்கு வர பஸ் இல்லை.

இப்போது ஞாயிறு மாலைகளில், உயர்தர வகுப்பு முடிந்த பிறகு, அந்தப் பழைய மாணவனும் அவனோடு கூரையில் வேலை செய்யும் நாலைந்து பேரும் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. அவர்கள் எனக்கு உருகிய கொழுவிகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், நான் அவர்களுக்குத் தடையும் மின்னோட்டமும் சொல்கிறேன். நேரோட்டப் பொறி, புவித்தொடுப்பு, சித்திரை இடிமின்னலுக்கு என்ன செய்வது எல்லாம் ஆயிற்று. அடுத்தது, அழுத்தம் ஏறும்போது இன்வேர்ட்டர் தானே தணித்துக்கொள்ளும் அந்த அமைப்பு. மெனுவில் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். என்ன எண் போட வேண்டும், போட்டால் ஒழுங்கையில் மற்ற வீடுகளுக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. கட்டுபெத்தவில் மின்பொறியியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், ஒரு ஞாயிறு ஆறு மணிக்கு மேல் வெள்ளவத்தைக்கு வந்து ஒரு மணித்தியாலம் சொல்லித் தர முடியுமா என்று பாருங்கள். பிளேன்டீயும் உளுந்துவடையும் என் பொறுப்பு. கேள்விகள் கடினமாக இருக்கும், தயாராக வாருங்கள்.